பன்னிரண்டு நிமிட மேஜை

அத்தியாயம் பதினேழு

காலை எட்டே காலுக்கே அப்பா காரைத் துடைத்து முடித்துவிட்டார். முன் கண்ணாடி, பின் கண்ணாடி, பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டு. அதன் பிறகு தன் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி அதே துணியால் ஒரு துடைப்பு.

"அந்த அழுக்குத் துணியாலயா?" என்றாள் அம்மா, சமையலறை ஜன்னலிலிருந்து.

"எல்லாம் ஒரே ரோட்டுத் தூசிதானே."

நாற்பது வருடம் வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்தவர் அவர். உத்தியோகம் முழுக்க நடையிலேயே கழிந்தது. அப்படிப்பட்டவர் அறுபத்தாறு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தது மூத்த மகள் எடுத்த படத்துக்காக. படப்பிடிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. ஸ்டியரிங்கை மட்டும் அவர் விடுவதாக இல்லை.

'மெதுவாக விடவும்' என்ற அந்தப் படத்தைப் பற்றி, இந்த வாரம்தான் நம் வீட்டுக்குள் வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. மனைவியை இழந்த ஒருவர், அவள் விட்டுப்போன காரை வாசலிலிருந்து நகர்த்துவதற்காகவே ஓட்டக் கற்றுக்கொள்கிறார். அவ்வளவுதான் கதை. மூன்று வருடம், சனி ஞாயிறுகளில் மட்டும் எடுத்தது. கதை, கேமரா, படத்தொகுப்பு மூன்றும் பெரியவள். ஒலிப்பதிவு சின்னவள். நடிப்பு அப்பா. போட்டோவாகச் சுவரில் தொங்குகிற மனைவி, அம்மா.

"நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். என்னைப் போய் சுவத்துல மாட்டிட்டீங்களே" என்று அம்மா அங்கலாய்ப்பது இன்னும் ஓயவில்லை.

பெரியவளுக்கு முப்பத்தொன்பது வயது. பகலில் ஒரு ஸ்டுடியோவில் பள்ளி ஆண்டு விழா வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை. காட்சிகளை வெட்டி வெட்டி, பேசும்போதும் பாதி வாக்கியத்தை வெட்டிவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. சின்னவள் நேர் எதிர். மருந்துக்கடை கவுன்ட்டரில் நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்து, வீட்டில் மிச்சத்தைப் பேசுவாள். பத்து வயதிலேயே அவளுக்கு ரேடியோ என்று பெயர் விழுந்துவிட்டது.

அந்த ரேடியோதான் ஒன்பது நாளாக அக்காவிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

காரணம் படத்தின் கடைசிக் காட்சி. மேட்டில் நின்றுபோன காரை அப்பா மெல்ல எடுக்கிற நான்கு நிமிடம். அப்பாவின் சட்டைக் காலருக்குள் ரேடியோ ஒரு குட்டி மைக்கை ஒட்டி, அவர் மூச்சு விடுகிற சத்தத்தைப் பதிவு செய்திருந்தாள். பெரியவள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தச் சத்தத்தை அப்படியே எடுத்துவிட்டு, அதன் மேல் வயலின் இசையைப் போட்டுவிட்டாள். அதைக் கேட்ட சாயங்காலம் ரேடியோ ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனவள்தான்.

அப்படி ஒரு நிலைமையில்தான் இந்தச் சந்திப்பு நாள் வந்து சேர்ந்தது. சொந்தமாகப் படம் எடுத்துவிட்டு யாரிடம் கொண்டுபோவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக ஒரு திரைப்பட விழாக்காரர்கள் நடத்துவது. சினிமா கம்பெனி அதிகாரிகள், இணையத்தில் படம் காட்டுகிற தளக்காரர்கள், தியேட்டர்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மேஜைக்குப் பன்னிரண்டு நிமிடம். மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். ஒரு படத்துக்கு இரண்டு பேர் போகலாம்.

"ரெண்டு பேர்னா ரெண்டு பேரும் போகணும்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறதை வந்து வெச்சுக்கலாம்."

*

காரில் பெரியவள் முன்னால் உட்கார்ந்தாள். ரேடியோ பின்னால்.

"அப்பா, அவங்ககிட்ட அழைப்புக் கடிதம் இருக்கான்னு கேளுங்க" என்றாள் ரேடியோ.

"இருக்காம்மா?"

"இருக்கு" என்றாள் பெரியவள்.

"இருக்காம்."

"எனக்குக் காது கேக்குதுப்பா."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறே? நான் வண்டி ஓட்டறேன். என்கிட்ட பேச்சுக் குடுக்காதீங்க."

அப்பா முப்பதுக்கு மேல் போக மாட்டார். பின்னால் வந்த வேன் ஒன்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தது. அப்பா கையை வெளியே நீட்டி, போய்க்கொள்ளும்படி பெருந்தன்மையாக வழிவிட்டார்.

பெரியவள் மடியில் ஒரு காகிதம் இருந்தது. படத்தைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று நாலு வரி எழுதி வைத்திருந்தாள். ஓரக்கண்ணால் அதைப் பார்ப்பதும் உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பதுமாக வந்தாள். பின்னால் இருப்பவளிடம் 'இது சரியா இருக்கா, பாரேன்' என்று கேட்டால் போதும், ஒரே நிமிடத்தில் திருத்திக் கொடுத்துவிடுவாள். கேட்கத்தான் வாய் வரவில்லை.

மண்டப வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, "நான் வண்டி நிறுத்தற இடத்துலயே இருக்கேன். பேப்பர் இருக்கு, பிளாஸ்க் இருக்கு. நிதானமா வாங்க" என்றார் அப்பா.

*

உள்ளே நீளக் கூடம். இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண் அட்டை. சுவரோரமாக நாற்காலிகளில், கழுத்தில் பெயர் அட்டை தொங்க, படம் எடுத்தவர்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். பல் மருத்துவர் வீட்டு வராந்தா போல இருந்தது. எல்லார் முகத்திலும் அதே களை.

இவர்கள் படத்துக்கு இரண்டு மேஜைகள் ஒதுக்கியிருந்தார்கள். பதினோரு மணிக்கு மூன்றாம் மேஜை. இரண்டரை மணிக்கு ஒன்பதாம் மேஜை.

மூன்றாம் மேஜையில் ஒரு இணையத் தளத்தின் அதிகாரி. முப்பது வயதுதான் இருக்கும். சிரித்த முகம். "சொல்லுங்க" என்றார்.

பெரியவள் காகிதத்தைப் பிரித்தாள். முதல் வரி கண்ணுக்குத் தெரிந்தது. அதில் விரலை வைத்துக்கொண்டாள்.

"படம் வந்து... ஒருத்தர், அவர் மனைவி..." என்று ஆரம்பித்து, வழக்கம்போல நடுவிலேயே வெட்டிவிட்டாள்.

இளைஞர் பொறுமையாகத் தலையாட்டினார். அவள் இன்னும் இரண்டு தடவை ஆரம்பித்து வெட்டியதில் மூன்று நிமிடம் போயிற்று.

"அறுபத்தாறு வயசு ஆள் ஒருத்தர் கிளட்ச்சை விடக் கத்துக்கறார், சார்" என்றது பக்கத்திலிருந்து ஒரு குரல். "விடறதுன்னா என்னன்னு தெரியாத ஆளு. நாற்பது வருஷம் கூட இருந்தவளை எப்படி விடுவார்? முதல்ல கிளட்ச்சை விடப் பழகறார்."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். ரேடியோ அவளைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்து, கவுன்ட்டரில் மாத்திரைக்கு விளக்கம் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனாள். மீதி ஒன்பது நிமிடமும் ரேடியோவின் நிகழ்ச்சிதான்.

இளைஞர் ரசித்துக் கேட்டார். கடைசியில் மெல்லச் சொன்னார். "எங்க ஆளுங்க முதல்ல கேக்கறது, யார் நடிச்சிருக்காங்கன்னுதான். தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்லன்னா நான் உள்ள கொண்டுபோய் நிறுத்தறது கஷ்டம். அடுத்த படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்து பாருங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

மணி அடித்தது. தன் அட்டையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு எழுந்தார்கள்.

வராந்தாவுக்கு வந்ததும் பெரியவள், "நல்லாச் சொன்னே" என்றாள்.

ரேடியோ சுவரில் இருந்த நிகழ்ச்சி நிரலை உன்னிப்பாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

*

மதிய இடைவேளையில்தான் உண்மையான சந்திப்பே நடக்கும் என்று அழைப்புக் கடிதத்தில் போட்டிருந்தது. கையில் தட்டோடு நின்றுகொண்டு, கூச்சப்படாமல் அதிகாரிகளிடம் போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டுமாம். பெரியவள் தட்டை எடுத்துக்கொண்டு நேரே ஓரத்துக்குப் போனாள். ஒரு பெரிய தொட்டிச் செடிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, செடியோடு செடியாக நின்றுகொண்டாள்.

அங்கிருந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தெரிந்தது. ஒரு அதிகாரியைச் சுற்றி ஆறு பேர் நிற்பதும், அவர் ரொட்டியை வாயில் வைக்க வழியில்லாமல் எல்லாருக்கும் தலையாட்டுவதும். இவர்களும் பாவம்தான் என்று தோன்றியது.

ரேடியோ கூட்டத்துக்குள் போகவில்லை. தண்ணீர் கேன் இருந்த மூலையில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாத்திரை அட்டையைக் கிழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியோ நேராக அவளிடம் போனாள்.

"வெறும் வயித்துலயா போடறீங்க?"

"தலை வெடிக்குது. காலையிலேர்ந்து எட்டுப் பேர்."

"இதை வெறும் வயித்துல போட்டா எரியும். ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுட்டுப் போடுங்க. நான் மருந்துக்கடையில வேலை பாக்கறேன்."

அம்மாள் சொன்னபடி கேட்டாள். ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே ரேடியோவின் கழுத்து அட்டையைப் படித்தாள்.

"மருந்துக்கடைக்காரிக்கு இங்க என்ன வேலை?"

"எங்க அக்கா படம் எடுத்திருக்கா. நான் அதுல சத்தம் பிடிச்சேன்."

"எந்தப் படம்?"

ரேடியோ பெயரைச் சொன்னாள். அந்த அம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அந்தக் கார் படமா? பட்டியல்ல இருந்த முப்பது படத்தையும் பாத்துட்டுத்தான் வந்தேன். உங்க பேரு என் மேஜையில இல்லையே. மூணேகாலுக்கு வாங்க, பன்னிரண்டாம் மேஜை. அந்த நேரத்துக்கு வர வேண்டியவர் வரலையாம்."

செடிப் பக்கம் இருந்த பெரியவளுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. யாரோ ஒரு தலைவலிக்காரியிடம் தங்கை வைத்தியம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தாள்.

ரேடியோ வந்து, செடியைப் பார்த்துச் சொன்னாள். "மூணேகாலுக்குப் பன்னிரண்டாம் மேஜை."

*

ஒன்பதாம் மேஜையில் இருந்தவர் பெரிய கம்பெனி ஒன்றில் கதைகளைத் தேர்ந்தெடுக்கிற பிரிவின் தலைவர். சாம்பல் நிறச் சட்டை, நரைத்த மீசை, கவிழ்த்து வைத்த இரண்டு கைபேசிகள். இவர்கள் உட்காரும் முன்னாலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். ரெண்டு தடவை பாத்துட்டேன். ரெண்டாவது தடவை என் மனைவியோட."

பெரியவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்களுக்கு வேணும்" என்றார் அவர். "படம் இல்ல. கதை. பெரிய நடிகர் ஒருத்தரை வெச்சு, பெரிசா எடுக்கறோம். கதைன்னு போட்டு உங்க பேரு தனியா வரும். தொகை விஷயத்துல உங்களை ஏமாத்த மாட்டேன், நியாயமாச் செய்வோம்."

"எங்க படம்?" என்றாள் பெரியவள்.

"அதைத்தான் சொல்ல வந்தேன். அது வெளியில வரக் கூடாது. எங்கேயும். ஒரே கதை ரெண்டு இடத்துல இருந்தா எங்களுக்குச் சரிப்பட்டு வராது."

"எங்க அப்பா?" என்றாள் ரேடியோ.

"பிரமாதமாப் பண்ணியிருக்கார். முகஸ்துதி இல்ல. ஆனா அவரை யாருக்கும் தெரியாதேம்மா."

"உங்க பெரிய நடிகரையும் முதல் படத்துல யாருக்கும் தெரியாது, சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, "அது வாஸ்தவம்" என்று ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர்தான் என்று பெரியவளுக்குப் பட்டது. அதுதான் தொந்தரவாக இருந்தது. அடாவடிக்காரராக இருந்தால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்று அட்டையை நீட்டினார். மணி அடிக்க இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அன்றைக்கு அவருடைய கடைசி மேஜை இதுதான் போலிருக்கிறது. கைபேசிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெரியவள் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வருடமாகப் பிறருடைய குழந்தைகள் மேடையில் ஆடுவதை வெட்டி ஒட்டியவள். தன் பெயர் பெரிய திரையில் தனியாக வரும். அதற்கு விலை, மூன்று வருட சனி ஞாயிறுகளை எடுத்து ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது. போட்டோவாகத் தொங்கிய அம்மா உட்பட.

*

மூணேகாலுக்குப் பன்னிரண்டாம் மேஜையில் அந்தத் தலைவலி அம்மாளைப் பார்த்ததும் பெரியவளுக்கு விஷயம் புரிந்தது. எட்டுத் தியேட்டர்களுக்கு என்ன படம் போடுவது என்று முடிவு செய்கிறவள் அவள். தலைவலி விட்டிருந்தது.

"உங்க கடைசிக் காட்சியைப் பத்தித்தான் பேசணும்" என்றாள். "மியூசிக்கே இல்லாம விட்டிருக்கீங்களே. அதுக்குத் தைரியம் வேணும்."

பெரியவள் விழித்தாள். "மியூசிக் இல்லாம?"

"அந்தப் பெரியவர் மூச்சு மட்டும் கேக்குது. நான் ஹெட்போன் போட்டுப் பாத்தேன். வண்டி நகந்ததும் கடைசியில ஒரு சின்னச் சிரிப்பு வருது பாருங்க, உள்ளுக்குள்ளேயே சிரிச்சுக்கற மாதிரி. அதைக் கேட்டுட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கல."

பெரியவளுக்குத் தலைகால் புரியவில்லை. எந்தச் சிரிப்பு? அப்பா எங்கே சிரித்தார்?

இரண்டு பிரதிகள்தான் உண்டு. வயலின் போட்டது, போடாதது. மேஜைக்காரர்கள் முன்கூட்டியே பார்ப்பதற்காக முழுப் படத்தையும் விழாக்காரர்களுக்கு அனுப்புகிற வேலை ரேடியோவுடையது. மெல்லத் திரும்பிப் பார்த்தாள். ரேடியோ மேஜை விரிப்பின் நூல் ஒன்றை மிகுந்த அக்கறையோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க சின்னவ பிடிச்ச சத்தம் அது" என்றாள் பெரியவள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "காலருக்குள்ள மைக்கை ஒட்டினா. எங்க அப்பாவுக்குக் கூச்சம், நெளிஞ்சுக்கிட்டே இருந்தார். ஒட்டற டேப் பிச்சுக்கிட்டு வந்துடும். ஆறு தடவை ஒட்டினா."

அப்புறம் என்ன, பேச்சு வந்துவிட்டது. மேடு தேடி அலைந்தது, மூன்று தடவை வண்டி நின்றுபோனது, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரரே பின் சீட்டில் படுத்துக்கொண்டு பயத்தில் கண்ணை மூடிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். மடித்த காகிதம் பைக்குள்ளேயே கிடந்தது. அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"மூணு தியேட்டர் தரேன்" என்றாள் முடிவில். "காலைக் காட்சி மட்டும், ஒரு வாரம். கூட்டம் வந்தா ரெண்டாவது வாரம். வரலைன்னா கை குலுக்கிட்டுப் பிரிஞ்சுடலாம். விளம்பரம் பண்ண என்கிட்ட ஆள் கிடையாது, போஸ்டர் நீங்கதான் ஒட்டணும். ஒவ்வொரு காட்சிக்கும் உங்க வீட்லேர்ந்து யாராவது ஒருத்தர் வாசல்ல நிக்கணும். இந்தப் படத்தைப் பாத்துட்டு வெளியில வர்றவங்களுக்கு யார்கிட்டயாவது பேசணும் போல இருக்கும்."

"பேச ஆள் இருக்கு" என்றாள் பெரியவள்.

"இந்தப் பிரதியைத் தொடாதீங்க. இதையேதான் போடுவேன். வேற யாராவது கேட்டிருக்காங்களா?"

பெரியவள் ஒளிக்கவில்லை. ஒன்பதாம் மேஜையில் நடந்ததைச் சொன்னாள்.

"அவரா, நல்ல ஆளு. சொன்னதைச் செய்வார்" என்றாள் அந்த அம்மாள். "யோசிச்சுச் சொல்லுங்க. நான் அவசரப்படுத்தல." தன் அட்டையைக் கொடுத்தாள்.

மணி அடித்தது.

*

வராந்தாவில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் பெரியவள் நின்றாள்.

"நீதானே அனுப்பினே?"

"ஆமா."

"தப்பா அனுப்பிட்டியா?"

"இல்ல. தெரிஞ்சேதான்." ஒன்பது நாளில் அக்காவின் முகத்தைப் பார்த்து அவள் பேசிய முதல் வார்த்தைகள். "திட்டறதுன்னா திட்டு."

திட்ட வேண்டும் என்றுதான் பெரியவளும் நினைத்தாள். என் படத்தை எனக்குத் தெரியாமல் மாற்றி அனுப்ப நீ யார் என்று கேட்க வாயெடுத்தாள். அதே கேள்வியைத் தங்கை ஒன்பது நாளுக்கு முன்னால் கேட்டிருந்தால் தன்னிடம் என்ன பதில் இருந்திருக்கும் என்று தோன்றியது. திட்டு அதோடு போயிற்று.

அதற்குப் பதில், "வயலின் எதுக்குப் போட்டேன் தெரியுமா?" என்றாள். "அழகுக்கு இல்ல. அந்த மூச்சு என்னால கேக்க முடியல. அன்னிக்கு வெயில். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது. நான் இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு ஓட்ட வெச்சேன். நிறுத்தியிருக்கணும். அந்தச் சத்தம் வந்தாலே, பெத்த அப்பனை இப்படிப் படுத்தியிருக்கேனேன்னு... நான் பாதியிலேயே நிறுத்திடுவேன்."

"அதான் கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல நீ."

"என்ன கேக்கல?"

ரேடியோ பையிலிருந்து ஹெட்போனை எடுத்தாள். கைபேசியில் எங்கோ தேடி எடுத்து, அக்காவின் காதில் தானே மாட்டிவிட்டாள்.

மூச்சு. எஞ்சின் உறுமல். மூச்சுக்கு நடுவே அப்பா முணுமுணுப்பது கேட்டது. "ஒண்ணு... ரெண்டு... மெதுவா... மெதுவா..." பயிற்சிப் பள்ளிக்காரர் சொல்லிக் கொடுத்தபடி எண்ணுகிறார். எஞ்சின் சத்தம் தாழ்ந்து, சக்கரத்தின் கீழ் சரளை நெரிகிறது. வண்டி நகர்ந்துவிட்டது. அப்புறம் அது வந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் முறையாகக் கணக்கு சரியாக வந்த பையன் யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொள்வது போல, ஒரு சின்னச் சிரிப்பு.

"நீ கேமராவுல இருந்தே. உனக்கு அவர் முதுகுதான் தெரிஞ்சுது" என்றாள் ரேடியோ. "எனக்குக் காதுல இருந்தார். அன்னிக்கு அவர் கஷ்டப்படல அக்கா. ஜாலியா இருந்தார்."

பெரியவள் ஹெட்போனைக் கழற்றாமலே நின்றாள். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் தங்கையின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "கேக்காம எடுத்தது தப்புதான்" என்றாள்.

"கேக்காம அனுப்பினதும்தான்" என்றாள் ரேடியோ. "ஆனா அதுக்கு நான் வருத்தப்படல."

*

வண்டி நிறுத்துமிடத்தில் அப்பா காருக்கு வெளியே நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். திரும்பும்போது ரேடியோ முன்னால் உட்கார்ந்தாள், ஒரு நிமிடம் ஓயவில்லை. அப்பா ஒரு இடத்தில் முப்பத்தைந்தைத் தொட்டார்.

சாயங்காலம் மேஜையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பெரியவள் இரண்டு அட்டைகளையும் தட்டுகளுக்கு நடுவில் வைத்தாள். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஒரு பக்கம் பெரிய கம்பெனி, பெரிய நடிகர், தனியாகப் பெயர். இந்தப் படம் வெளியே வராது. இன்னொரு பக்கம் மூன்று தியேட்டர், காலைக் காட்சி, ஒரு வாரம். போஸ்டர் ஒட்டுவது முதல் நம் வேலை.

"இது நான் மட்டும் எடுத்த படம் இல்ல. அதனால நான் மட்டும் முடிவு பண்ண மாட்டேன்" என்றாள்.

ஒன்பது நாளுக்கு முன்னால் அவள் வாயிலிருந்து வராத வாக்கியம் அது. முழுசாக, வெட்டாமல் வந்தது. ரேடியோ தலையைக் குனிந்து சாப்பிட்டாள். காது சிவந்திருந்தது.

"பெரிய படத்துல செத்துப்போன பொண்டாட்டியா யாரு வருவா?" என்று கேட்டாள் அம்மா.

"யாராவது நடிகை போட்டோ வரும்."

"அப்ப என்னை சாகடிச்சது வீணா?" அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "மூணு வருஷமா என் போட்டோவுக்குக் கீழ உக்காந்துதான் நான் சாப்பிட்டேன். இறக்காதீங்க, காட்சிக்குக் காட்சி தொடர்ச்சி கெட்டுடும்னு நீதான் சொன்னே. அக்கம்பக்கத்துல எல்லாம் கேக்கறாங்க, எப்ப வரும் எப்ப வரும்னு. காலைக் காட்சியோ மத்தியானக் காட்சியோ, என் மூஞ்சியைப் பெரிசாத் திரையில பாத்தாகணும். முதல் நாள் வாசல்ல நானே நிக்கறேன். உயிரோட இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

ரேடியோவுக்குப் புரையேறிவிட்டது. பெரியவள் அவள் தலையில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தாள். மனசு லேசாக இருந்தது. காலையில் கிளம்பும்போது எது கிடைத்தால் போதும் என்று அவள் நினைத்திருந்தாளோ, அது இப்போது நினைவுக்கே வரவில்லை. இந்த மேஜை, இந்தச் சிரிப்பு, பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தங்கை. போதும் என்றிருந்தது. நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் பன்னிரண்டாம் மேஜை அம்மாளுக்குப் போன் செய்ய வேண்டும்.

"அப்பா, நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

அப்பா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தியேட்டர்லயே போடுங்க. எனக்கும் அதான் இஷ்டம்."

"அப்புறம் ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒரு மாதிரியா? நல்லாத்தானே இருக்கு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "மத்தியானம் அங்க வண்டி எடுக்க ஒருத்தர் வந்தார். என்னைப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டார். கிட்ட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார். கால் மணி நேரம் பேசிட்டிருந்தோம். தங்கமான மனுஷன்."

"யாரு?"

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். ஏற்கெனவே அங்கே கிடந்த ஒன்பதாம் மேஜை அட்டையும் அதுவும் ஒன்றுபோலவே இருந்தன.

"நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வரச் சொன்னார். நான் சரின்னுட்டேன்."

"எதுக்காம்?"

"அதைக் கேக்கத் தோணல" என்றார் அப்பா. "மகள்களைக் கூட்டிக்கிட்டு வர வேண்டாம்னு மட்டும் சொன்னார்."